ஈஸ்டுக்கு இரவு பகல் தெரியாது: சின்ன மீன் தொட்டியில் கரிவளிப் பாடம்



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அறிவியல் மூலையில் ஒரு மீன் தொட்டி இருக்கும். நாலு கப்பி மீன், கொஞ்சம் கூழாங்கல், இரண்டு மூன்று நீர்ச்செடி. வாங்கி வந்த புதிதில் செடி பச்சைப் பசேல் என்று இருக்கும். மூன்று வாரம் போனால் இலை மஞ்சளாகும், தண்டு மெலியும், கண்ணாடியில் பாசி பிடிக்கும். "லைட் போட்டுத்தானே வெச்சிருக்கோம், ஏன் வளர மாட்டேங்குது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் செடி வளரவில்லை என்றால், அதற்குப் பெரும்பாலும் கரிவளி போதவில்லை என்று பொருள்.

கடையில் கரிவளி உருளை, அழுத்தமானி, வால்வு எல்லாம் சேர்த்து வாங்கினால் சில நூறு ரிங்கிட் ஆகும். சின்னத் தொட்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம். சீனி, ஈஸ்ட், ஒரு குளிர்பானப் போத்தல், கொஞ்சம் காற்றுக்குழாய், இவை போதும். ஈஸ்ட் சீனியைத் தின்று கரிவளியை விடும். அந்த வளி குழாய் வழியாகத் தொட்டிக்குள் போகும். செடி அதை எடுத்துக்கொள்ளும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் போத்தலை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். செடிக்கு இரவு பகல் தெரியும். ஈஸ்டுக்குத் தெரியாது. அதைக் கவனிக்காமல் விட்டால் மறுநாள் காலையில் மீன் செத்து மிதக்கலாம். கவனித்தால், நான்காம் ஆண்டில் படிக்கும் ஒளிச்சேர்க்கையும் ஆறாம் ஆண்டில் படிக்கும் நுண்ணுயிரும் படிவம் 1இல் வரும் சுவாசமும் ஒரே தொட்டியில் கண்முன்னே நடக்கும். இந்தக் கட்டுரை அதற்கான வழிகாட்டி.

1. தண்ணீருக்குள் செடிக்கு என்ன குறை?

காற்றில் கரிவளி மிகக் குறைவு. பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 420 பங்குதான். அந்தக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரில், நம் ஊர் வெப்பநிலையில், லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் கரிவளி கரைந்திருக்கும். மீன்களின் சுவாசமும், அடிமண்ணில் உள்ள பாக்டீரியாவும் அதோடு கொஞ்சம் சேர்க்கும்.

குறை இன்னொன்றும் உண்டு. நீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையைச் சுற்றி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உள்ள கரிவளியைச் செடி சீக்கிரமே தீர்த்துவிடுகிறது. புதிய கரிவளி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. தரையில் நிற்கும் மாமரத்துக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. காற்று வீசிக்கொண்டே இருக்கும்.

இங்கே இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஒரு கருத்தை நினைவில் வைக்க வேண்டும். 1905இல் பிளாக்மேன் என்ற ஆங்கிலேய தாவரவியலாளர் 'வரம்புக் காரணி' என்ற கருத்தை விளக்கினார். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி, கரிவளி, ஏற்ற வெப்பநிலை எல்லாம் வேண்டும். இவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். கரிவளி போதாத தொட்டியில் விளக்கை இரட்டிப்பாக்கினாலும் செடி வேகமாக வளராது. மிஞ்சிய ஒளி பாசிக்குத்தான் கொண்டாட்டம். அதேபோல் வெளிச்சம் மங்கலான தொட்டியில் கரிவளியை அள்ளிக் கொட்டினாலும் பயனில்லை. அங்கே மீனுக்குத்தான் கேடு.

2. போத்தலுக்குள் என்ன நடக்கிறது?

ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர், பூஞ்சண வகையைச் சேர்ந்தது. கடையில் பொட்டலத்தில் இருக்கும்போது அது உலர்ந்து உறங்கும் நிலையில் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரும் சீனியும் கிடைத்ததும் விழித்துக்கொள்கிறது. ரொட்டியும் பாவும் உப்புவது இதனால்தான். மாவுக்குள் சிக்கிய கரிவளி அதை உப்ப வைக்கிறது.

நாம் போடும் சீனி சுக்ரோஸ். ஈஸ்ட் தன்னிடமுள்ள நொதியால் அதைக் குளுக்கோஸ், புருக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கும். போத்தலில் உள்ள உயிர்வளி சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு உயிர்வளி இல்லாத சுவாசம் நடக்கும். அதுதான் நொதித்தல். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு எத்தனால் மூலக்கூறும் இரண்டு கரிவளி மூலக்கூறும் கிடைக்கும். எடைக் கணக்கில் சொன்னால் 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரிவளியும் வரும். போட்டது 180, வந்ததும் 180. பொருண்மை அழிவதில்லை என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது.

எத்தனால் என்பது மதுவில் உள்ள அதே பொருள். அது சேரச் சேர ஈஸ்டுக்கே நஞ்சாகும். ரொட்டி ஈஸ்ட் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டு எத்தனாலைத் தாண்டித் தாக்குப்பிடிப்பது கடினம். அதனால், "சீனியை இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு நாள் ஓடுமா சார்?" என்று கேட்டால், ஓடாது. பாதிச் சீனி மீந்திருக்கும்போதே ஈஸ்ட் செத்துவிடும்.

3. இந்த ஜோடி புதிதல்ல

ஈஸ்ட் விடும் வாயுவும் செடியும் அறிவியல் வரலாற்றில் முன்பே ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசித்தபோது, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் வாயுவில் எரியும் மரக்குச்சியை நீட்டினால் அணைந்துபோவதை அவர் கவனித்தார். அந்த வாயுவை நீரில் கரைக்கும் முறையை 1772இல் நூலாக வெளியிட்டார். இன்றைய சோடா நீருக்கு அதுவே தொடக்கம். அதற்கு முந்தைய ஆண்டு, 1771இல், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாச் செடியை வைத்தார். சில நாள் கழித்து அந்தக் காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது.

ஆனால் அவருடைய சோதனை சில நேரம் பலித்தது, சில நேரம் பலிக்கவில்லை. காரணத்தை 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். நீருக்குள் இலைகளை அமிழ்த்தி வைத்துப் பார்த்தார். வெயிலில் இலையிலிருந்து குமிழி வந்தது, இருட்டில் நின்றுபோனது. இருட்டில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்று எழுதினார். நம் மீன் தொட்டியின் முழுப் பிரச்சினையும் அந்த ஒரு கண்டுபிடிப்புக்குள் அடங்கியிருக்கிறது.

4. செய்முறை

20 முதல் 40 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிக்கு இந்த அளவு சரியாக வரும். அதைவிடப் பெரிய தொட்டிக்கு ஈஸ்ட் போத்தல் போதாது.

தேவையான பொருள்கள்:

• 1.5 லிட்டர் குளிர்பானப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று
• 500 மில்லிலிட்டர் போத்தல் ஒன்று
• மீன் கடையில் கிடைக்கும் காற்றுக்குழாய்
• செக் வால்வு எனப்படும் ஒருவழி அடைப்பான்
• சீனி 200 கிராம்
• ரொட்டி ஈஸ்ட் கால் தேக்கரண்டி
• ஆப்பச்சோடா அரைத் தேக்கரண்டி
• கொதிக்க வைத்து ஆறிய நீர் 1 லிட்டர்

செய்யும் முறை:

முதலில் பெரிய போத்தலின் மூடியில் குழாயின் பருமனைவிடச் சற்றுச் சிறிய துளை போடுங்கள். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டித் துளைக்குள் செருகி, இடுக்கியால் இழுங்கள். துளை இறுக்கமாக இருந்தால்தான் வாயு கசியாது. இந்த வேலையை ஆசிரியரே செய்யட்டும்.

இரண்டாவது, சிறிய போத்தலின் மூடியில் இரண்டு துளை வேண்டும். பெரிய போத்தலிலிருந்து வரும் குழாய் இதற்குள் பாதி அளவு ஊற்றிய நீரில் அமிழ வேண்டும். வெளியே போகும் குழாய் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். இது எதற்கு? ஈஸ்ட் நுரைத்துப் பொங்கினால் அந்த நுரை தொட்டிக்குப் போகாமல் இங்கேயே தங்கும். குமிழியை எண்ணவும் இதுவே வசதி.

மூன்றாவது, சிறிய போத்தலுக்கும் தொட்டிக்கும் இடையில் செக் வால்வை மாட்டுங்கள். அதில் அம்புக்குறி இருக்கும். அம்பு தொட்டியைப் பார்க்க வேண்டும். இது இல்லாவிட்டால், போத்தல் குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறையும்போது தொட்டி நீர் குழாய் வழியாகத் திரும்பி ஓடி வந்துவிடும்.

நான்காவது, சீனியையும் ஆப்பச்சோடாவையும் நீரில் கரைத்துப் பெரிய போத்தலில் ஊற்றுங்கள். ஈஸ்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வைத்துச் சேருங்கள். கொதிநீர் வேண்டாம், ஈஸ்ட் செத்துவிடும். ஆப்பச்சோடா கரைசல் மிகவும் அமிலமாகாமல் பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது, தொட்டிக்குள் வாயு எப்படிக் கரையும் என்று பாருங்கள். குழாயை வெறுமனே விட்டால் குமிழி மேலே ஓடிப்போய்க் காற்றில் கலந்துவிடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பையைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்து, அதற்குள் வாயு தேங்கும்படி செய்யலாம். அல்லது வடிகட்டியின் உறிஞ்சும் வாயருகே குழாயை வைத்தால், சுழலும் விசிறி குமிழியைத் தூளாக்கிவிடும்.

சில மணி நேரத்தில் குமிழி தொடங்கும். நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்வதால் போத்தல் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓடும். முதல் மூன்று நான்கு நாள் குமிழி அதிகமாகவும், பிறகு குறைந்துகொண்டே போகவும் செய்யும். சீராக வேண்டுமென்றால் இரண்டு போத்தல் வைத்து, ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று எனக் கரைசலை மாற்றுங்கள்.

பாதுகாப்பு, கட்டாயம் படிக்கவும்:

200 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் கணக்குப்படி 50 லிட்டருக்கு மேல் கரிவளி வரும். போத்தலில் காலி இடம் அரை லிட்டர்கூட இல்லை. எனவே குழாயை ஒருபோதும் கிள்ளி அடைக்கக் கூடாது. போத்தலை முழுவதுமாக மூடி வைக்கக் கூடாது. கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், வெடித்தால் சில்லுகள் பறக்கும். குளிர்பானப் போத்தல் அழுத்தம் தாங்கவென்றே செய்யப்பட்டது. குடிநீர்ப் போத்தல் அவ்வளவு தாங்காது. வாரம் ஒரு முறை குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கரைசலில் எத்தனால் இருப்பதால் 'குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டுங்கள். பயன்படுத்தி முடித்த கரைசலை ஆசிரியரே வடிகாலில் ஊற்றி நீர் விடட்டும். தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே நோக்கத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

5. எவ்வளவு போதும்?

செடிகள் நன்றாக வளரும் தொட்டியில் கரிவளி லிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். 30ஐத் தாண்டினால் மீனுக்கு ஆபத்து தொடங்குகிறது. நேராக அளக்க முடியாவிட்டாலும் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. நீரின் கார்பனேட் கடினத்தன்மையும் பிஎச் மதிப்பும் தெரிந்தால் போதும். இரண்டையும் அளக்கும் சோதனைத் துளிகள் மீன் கடையில் கிடைக்கும்.

கரிவளி = 3 × கடினத்தன்மை × 10^(7 − பிஎச்)

கடினத்தன்மை 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 7.0 என்றால் கரிவளி லிட்டருக்கு 12 மில்லிகிராம். பிஎச் 6.6 என்றால் 30. பிஎச் 6.4 என்றால் 48. பிஎச் வெறும் 0.2 குறைந்ததற்கே அளவு பாதுகாப்பு எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது பாருங்கள். பிஎச் அளவுகோல் மடக்கை அளவுகோல் என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்னும் எளிய வழி நிறம் பார்ப்பது. டிராப் செக்கர் என்று சின்ன குடுவை ஒன்று விற்கிறார்கள். அதற்குள் 4 டிகிரி கடினத்தன்மையுள்ள நீரும் புரோமோதைமால் புளூ என்ற காட்டியும் இருக்கும். நீலம் என்றால் கரிவளி குறைவு. பச்சை என்றால் 30 அளவுக்கு அருகில். மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால், "இப்போ பச்சையாத்தான் இருக்கு" என்று நம்பி உடனே குமிழியைக் கூட்டக் கூடாது.

இவை எதுவும் இல்லாவிட்டால் மீனைப் பாருங்கள். செவுள் மூடி வேகமாக அசைவது, மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடுவது, சோர்ந்து கிடப்பது, இவையெல்லாம் எச்சரிக்கை. சண்டை மீன் மட்டும் விதிவிலக்கு. அது இயல்பாகவே அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிக்கும்.

6. விளக்கை அணைத்த பிறகு

பகலில் தொட்டிக்குள் நான்கு வேலை நடக்கிறது. ஈஸ்ட் கரிவளியைத் தருகிறது. மீன் கரிவளியைத் தருகிறது. செடியும் சுவாசிப்பதால் கொஞ்சம் தருகிறது. ஆனால் செடி ஒளிச்சேர்க்கைக்காக அதைவிட மிக அதிகமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே வரவும் செலவும் ஓரளவு சரியாகிவிடுகிறது.

விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. செலவு நின்றது, வரவு நிற்கவில்லை. ஈஸ்ட் இருட்டிலும் அதே வேகத்தில் வேலை செய்யும். மீனும் செடியும் பாக்டீரியாவும் சேர்ந்து உயிர்வளியைச் செலவழிக்கும், கரிவளியைக் கூட்டும். விடியற்காலையில்தான் நிலைமை மிக மோசம். கரிவளி உச்சத்தில், உயிர்வளி அடிமட்டத்தில்.

இங்கே பலரும் ஒன்றைத் தவறாக எழுதுவார்கள்: "கரிவளி வந்து உயிர்வளியை வெளியே தள்ளிவிடும்." அப்படி இல்லை. நீரில் இரண்டும் ஒரே நேரத்தில் நிறையக் கரைந்திருக்க முடியும். மீனுக்கு ஏற்படும் கேடு வேறு. நீரில் கரிவளி அதிகமானால் மீனின் இரத்தத்தில் உள்ள கரிவளி செவுள் வழியாக வெளியேற முடியாது. இரத்தம் அமிலத் தன்மை கொள்ளும். அப்போது இரத்தத்தின் ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சரியாகப் பற்றிக்கொள்ளாது. அதனால்தான் நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது.

என்ன செய்யலாம்?

• மாலையில் விளக்கை அணைக்கும்போது காற்றுக் கல்லை ஓட விடுங்கள். நீர்ப்பரப்பு அலைந்தால் மிஞ்சிய கரிவளி வெளியேறும், உயிர்வளி உள்ளே வரும்.
• பகலில் அதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் சேர்த்த கரிவளி எல்லாம் வீணாகப் போகும்.
• ஒரே நேரக்கருவியால் விளக்கையும், இன்னொன்றால் காற்றுப் பம்பையும் இயக்கினால் மறதிக்கு இடமில்லை. விளக்கு எட்டு மணி நேரம் போதும்.
• வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் முன்பு குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அடைக்க வேண்டாம், வெளியே எடுங்கள். வாயு வகுப்பறைக் காற்றில் கலந்துபோகட்டும்.

காலையில் மீன்கள் மேலே தவிப்பதைப் பார்த்தால்: முதலில் குழாயை எடுங்கள், பிறகு காற்றுப் பம்பைப் போடுங்கள், பிறகு குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். ஈஸ்ட் கரைசலே தொட்டிக்குள் வந்துவிட்டிருந்தால் நீர் வெள்ளையாகக் கலங்கும். சீனியைத் தின்னப் பாக்டீரியா பெருகி உயிர்வளியைத் தீர்த்துவிடும். அப்போது பாதி நீரை மாற்றிப் பம்பை இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

7. எந்தக் குமிழி எந்த வாயு?

தொட்டியில் குறைந்தது மூன்று வகைக் குமிழி தெரியும். மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான்.

குழாயிலிருந்து வரும் குமிழி, ஈஸ்ட் விட்ட கரிவளி. வெளிச்சத்தில் இலை நுனியிலிருந்து முத்துமுத்தாக ஏறும் குமிழி, ஒளிச்சேர்க்கையில் உண்டான உயிர்வளி. புதிதாகக் குழாய் நீர் ஊற்றியதும் இலை, கண்ணாடி, கல் என எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும் குமிழி, நீரில் கரைந்திருந்த காற்று வெளிவருவது.

"டீச்சர், கல்லு மேலயும் குமிழி இருக்கே, கல்லும் ஒளிச்சேர்க்கை செய்யுதா?" என்று ஒரு மாணவர் கேட்டால் சிரித்துவிடாதீர்கள். மிகச் சரியான உற்றறிதல் அது. பதிலையும் அவரே கண்டுபிடிக்கட்டும். விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலை நுனியிலிருந்து ஏறும் முத்துக் குமிழி நின்றுவிடும். கல்லின் மேல் ஒட்டியது அப்படியே இருக்கும்.

குழாய் வாயு கரிவளிதான் என்று உறுதி செய்யத் தெளிந்த சுண்ணாம்பு நீர் போதும். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு நாள் தெளிய விட்டு, மேலாக உள்ள நீரை வடிகட்டினால் சுண்ணாம்பு நீர் தயார். கண்ணில் படக் கூடாது என்பதால் ஆசிரியர் தயாரிக்கட்டும். வாயுவைச் செலுத்தினால் அது பால்போலக் கலங்கும். தொடர்ந்து செலுத்திக்கொண்டே இருந்தால் மீண்டும் தெளியும். அதற்கான காரணத்தை உயர்நிலை மாணவர்கள் வேதியியலோடு சேர்த்துச் சிந்திக்கலாம்.

8. இரண்டு ஆராய்வுகள்

ஆராய்வு 1: வெப்பநிலையும் நொதித்தலும். ஒரே அளவுள்ள மூன்று சிறு போத்தல்களில் தலா 200 மில்லிலிட்டர் நீர், 2 தேக்கரண்டி சீனி, 1 தேக்கரண்டி ஈஸ்ட் போடுங்கள். ஒன்றில் பனிக்கட்டி போட்டுக் குளிர வைத்த நீர், இரண்டாவதில் சாதாரண நீர், மூன்றாவதில் 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீர். வாயில் பலூனை மாட்டி 20 நிமிடம் கழித்து நூலால் பலூனின் சுற்றளவை அளவிடுங்கள்.

தற்சார்பு மாறி, அதாவது நாம் மாற்றுவது: நீரின் வெப்பநிலை. சார்பு மாறி, அதாவது நாம் அளப்பது: பலூனின் சுற்றளவு. கட்டுப்படுத்தப்பட்ட மாறி, அதாவது மாறாமல் வைப்பது: நீர், சீனி, ஈஸ்ட் ஆகியவற்றின் அளவு, நேரம், போத்தலின் அளவு. கருதுகோள்: நீரின் வெப்பநிலை அதிகரிக்க, பலூனின் சுற்றளவும் அதிகரிக்கும்.

ஆராய்வு 2: கரிவளியும் ஒளிச்சேர்க்கையும். ஒரே நீளமுள்ள மூன்று ஹைட்ரில்லா தண்டுகளை மூன்று சாடிகளில் வையுங்கள். முதல் சாடியில் கொதிக்க வைத்து ஆற வைத்த நீர். கொதித்ததால் கரைந்திருந்த வாயு போயிருக்கும். இரண்டாவதில் ஒரு நாள் திறந்து வைத்த குழாய் நீர். மூன்றாவதில் அதே நீருக்குள் ஈஸ்ட் போத்தல் வாயுவைப் பத்து நிமிடம் செலுத்தியது. விளக்கின் தூரம் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் பொறுத்து, அடுத்த ஐந்து நிமிடத்தில் வெட்டிய தண்டின் முனையிலிருந்து வரும் குமிழிகளை எண்ணுங்கள்.

மூன்றாம் சாடியில் குமிழி அதிகம் வரும் என எதிர்பார்க்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, குமிழிகள் ஒரே அளவாக இருக்காது. எண்ணிக்கை மட்டும் பார்ப்பதைவிட, நீர் நிரப்பிய சோதனைக் குழாயைக் கவிழ்த்து வாயுவைச் சேகரித்து அதன் உயரத்தை அளப்பது இன்னும் துல்லியம். 'இந்த ஆராய்வை எப்படி மேம்படுத்தலாம்?' என்ற உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு இதுவே விடை.

9. போத்தல் தேவையே இல்லாத தொட்டி

எல்லாத் தொட்டிக்கும் இது வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஜாவா பாசி, ஜாவா பெரணி, கிரிப்டோகோரின் போன்ற மெதுவாக வளரும் செடிகள் மிதமான வெளிச்சத்திலும், மீன் விடும் கரிவளியிலும் நன்றாகவே வாழும். பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அப்படிப்பட்ட செடிகளையே வையுங்கள். மீன் நிறைந்த தொட்டியைவிட, மீன் இல்லாமல் செடி மட்டும் உள்ள சின்னத் தொட்டியில் முதலில் போத்தலை மாட்டிப் பழகுவது மேல். குமிழி வேகம், நிற மாற்றம், இரவு பகல் வேறுபாடு எல்லாம் கைக்குப் பிடிபட்ட பிறகு மீனை விடலாம். பாடம் நடத்த மீன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

10. பயிற்சி வினாக்கள்

1. ரவி ஈஸ்ட் போத்தலை இரவு பகலாகத் தொட்டியில் இணைத்திருந்தான். காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் கூடியிருந்தன. உன் ஊகம் என்ன? இரண்டு காரணம் கூறு.

விடைக் குறிப்பு: இரவில் ஒளிச்சேர்க்கை நடைபெறாததால் கரிவளி பயன்படுத்தப்படவில்லை. ஈஸ்ட், மீன், செடி ஆகியவற்றின் சுவாசத்தால் கரிவளி கூடியது, உயிர்வளி குறைந்தது. 'செடி இரவில் மட்டும் சுவாசிக்கும்' என்று எழுதினால் தவறு. செடி இரவும் பகலும் சுவாசிக்கும்.

2. மீனா இரவில் வாயு போகாமல் இருக்கக் குழாயைக் கிளிப்பால் அடைத்தாள். இச்செயல் சரியா? ஏன்?

விடைக் குறிப்பு: சரியன்று. ஈஸ்ட் தொடர்ந்து கரிவளியை உருவாக்கும், போத்தலில் அழுத்தம் அதிகரித்து வெடிக்கும். குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பதே பாதுகாப்பானது.

3. ஆராய்வு 1இல் நான்காவது போத்தலில் 80 டிகிரி செல்சியஸ் நீரைப் பயன்படுத்தினால் பலூன் எப்படி இருக்கும் என முன்அனுமானம் செய்.

விடைக் குறிப்பு: பலூன் நொதித்தலால் உப்பாது. அதிக வெப்பம் ஈஸ்டைக் கொன்றுவிடும். ஆகவே 'வெப்பநிலை அதிகரிக்க' என்ற கருதுகோள் ஓர் எல்லை வரைதான் பொருந்தும்.

4. படிவம் 5 மாணவர்களுக்கு: கடினத்தன்மை 3 டிகிரி, பிஎச் 6.6 உள்ள தொட்டியில் கரிவளி எவ்வளவு? மீனுக்குப் பாதுகாப்பானதா?

விடைக் குறிப்பு: 3 × 3 × 10^0.4. ஏறக்குறைய 22.6 மில்லிகிராம். 30க்குக் கீழே இருப்பதால் பகலில் ஏற்கத்தக்கது. இரவில் குழாயை எடுக்கவோ காற்றுப் பம்பை ஓட விடவோ வேண்டும்.

ஆசிரியர்கள் இந்த வினாக்களை அப்படியே அச்சிட்டுப் பயன்படுத்தலாம். தொட்டி அமைக்கும்போது மாணவர்களுக்கு முறை வைத்து, காலையில் ஒருவர் மீன்களின் மூச்சைப் பார்த்துக் குறிக்கவும், மாலையில் ஒருவர் குழாயை வெளியே எடுக்கவும் பொறுப்புக் கொடுங்கள். ஒரு மாதக் குறிப்பேடு சேர்ந்தால் அதுவே நல்லதோர் அறிவியல் செயல்திட்டமாகிவிடும். செஞ்சு பாருங்க, வாழ்த்துகள்.